அகழ்ந்த நிலமும் ஆறிய நிலமும்

நிலத்தை அகழ்ந்து பயன்கொள்ளல் மனித குலத்தின் மிகத் தொன்மையான தொழில்களுள் ஒன்று. பொறையுடைமையைக் கூறப் புகுந்த வள்ளுவர், தன்னைத் தோண்டுவோரையும் வெறாது சுமக்கும் நிலத்தையே உவமையாக எடுத்தாண்டார் என்பதை மாணாக்கர் யாவரும் அறிவர். நிலத்தின் பொறுமை பெரிதே. ஆயின், அகழ்ந்தோர் தம் கருவிகளை எடுத்துக்கொண்டு அகன்ற பின்னர் அவ்விடத்தில் எஞ்சி நிற்கும் குழியின் கதி யாது, அதற்குப் பொறுப்பாவோர் யாவர் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப்புறங்களில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. இரத்தினபுரி மாவட்டத்தில் வயலோரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் மாணிக்கக் குழிகள் காணப்படுகின்றன. கேகாலை மாவட்டத்தில் பொகலையிலே காரீயச் சுரங்கம் உண்டு. இரு மாவட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் இடையே தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் கல் உடைத்த குவாரிகள் பல உள்ளன. அவற்றுள் சில இன்றும் இயங்குகின்றன, சில கைவிடப்பட்டுவிட்டன. கைவிடப்பட்ட குவாரி மழைக்காலத்தில் குளமாகிறது. பார்வைக்கு அழகிய அக்குளத்திற்குப் படியில்லை, கரையில்லை, ஆழங்காட்டும் அடையாளமும் இல்லை.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், யான் கற்பித்த தோட்டப் பாடசாலையொன்றின் ஏழாம் தரத்து மாணவன் ஒருவன் அத்தகைய குளமொன்றிலே நீராடச் சென்று மீளவில்லை. வகுப்புப் பதிவேட்டில் அவனுடைய பெயருக்கு நேரே கோடிட்ட கை என்னுடையது. அன்று தொட்டு, குழிகளைப் பற்றிக் கிடைப்பனவற்றை வாசிப்பதும், இயன்றவிடத்து நேரிற் சென்று பார்ப்பதும் எனக்கு வழக்கமாயின. அவ்வாறு அறிந்தவற்றைத் தொகுத்து ஈண்டு உரைக்கின்றேன்.

மாணிக்கக் குழியும் கற்குவாரியும்

இவ்விரண்டும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படினும் இயல்பால் வேறானவை. மத்திய மலைநாட்டின் மிகப் பழைய பாறைகள் வெயிலாலும் மழையாலும் நெடுங்காலம் சிதைவுற்றமையால், அவற்றுள் பொதிந்திருந்த மணிகள் விடுபட்டன. ஆறுகள் அவற்றைக் கூழாங்கற்களோடு உருட்டி வந்து பள்ளத்தாக்குகளிலே படியவிட்டன. அப்படிவின்மேற் களியும் மணலும் மூடின. மணிகள் கலந்த அச்சரளைப் படையைச் சிங்களத்தில் ‘இல்லம்’ என வழங்குவர். நீலம், கெம்பு, வைடூரியம், புட்பராகம், கோமேதகம் முதலியன இப்படையினின்றே பெறப்படுகின்றன.

இப்படையை எட்டும்வரை சதுரமான குழியொன்றை நேர்கீழாக இறக்குவர். பக்கங்கள் இடிந்து விழாதவாறு மரக்கட்டைகளை அடுக்கி, கட்டைக்கும் மண்ணுக்கும் இடையே ‘கெக்கில்ல’ என்னும் பன்னத்தைக் கற்றை கற்றையாகச் செருகுவர். ஊறும் நீரை இறைத்து வெளியேற்றிக்கொண்டே சரளையை மேலேற்றி, கூடையிலிட்டு நீரிற் சுழற்றி அரித்து மணியைத் தேடுவர். நிலத்துக்குரியவர், அனுமதிப்பத்திரம் உடையவர், நீரிறைக்கும் இயந்திரம் தந்தவர், குழியில் இறங்கி உழைத்தவர் ஆகியோர் கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்ளல் மரபு. நன்கு வகுக்கப்பட்ட அப்பங்கீட்டிலே குழிக்கென ஒரு பங்கு இல்லை.

அக்குறையை நிரப்பச் சட்டம் முயன்றுள்ளது. 1971ஆம் ஆண்டில் அரச இரத்தினக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பின்னர் 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை தோன்றியது. அகழ்வுக்கு அனுமதி பெறுவோர், வேலை முடிந்ததும் குழியை மூடுவதற்குப் பிணையாக ஒரு தொகையை வைப்பிலிடல் வேண்டும் என்பது விதி. குழியை மூடியோர் அத்தொகையை மீளப் பெறலாம். விதி நல்லதே. ஆயினும் குழியை மூடுதல் வேறு, நிலத்தை மீட்டல் வேறு என்பதை நாம் உணர்தல் வேண்டும். அகழும்போது முதலில் வெளிவருவது வளமான மேல்மண். அதனைத் தனியே ஒதுக்கி வையாது, பின்னர் வந்த களியையும் கல்லையும் அதன்மேற் குவித்துவிட்டு, முடிவில் எல்லாவற்றையும் ஒருங்கே தள்ளி மூடினால் வளமான மண் அடியிற் புதைந்துபோகும். மலட்டுக் களி மேலே நிற்கும். தூரத்திலிருந்து நோக்குவோர்க்கு நிலம் சமமாகத் தோன்றும். அதில் நெல் விளையாது. புல்லும் தயங்கியே முளைக்கும்.

இக்குழிகள் வேறொரு செல்வத்தையும் வெளிப்படுத்தின என்பதை இளைஞர் அறிதல் நன்று. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல, மாணிக்கச் சரளையினின்று வெளிப்பட்ட எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்து, ஒருகாலத்தில் இப்பிரதேசத்திலே காண்டாமிருகமும் நீர்யானையும் வாழ்ந்தன என நிறுவினார். குருவிட்டைப் பகுதியிற் கிடைத்த பற்களைக் கொண்டு இலங்கைச் சிங்கமொன்றை 1939ஆம் ஆண்டில் விவரித்தவரும் அவரே. எனவே, குழியொன்று மூடப்படும்போது மணி இல்லாத மண் மட்டுமே மூடப்படுகின்றது எனக் கொள்ளல் பொருந்தாது. நாட்டின் வரலாற்று ஏடொன்றும் அதனுடன் மூடப்படலாம்.

கற்குவாரியின் நிலை இன்னும் கடினமானது. மாணிக்கக் குழியினின்று எடுத்த மண்ணிற் பெரும்பகுதி குழியின் அருகிலேயே கிடக்கும். குவாரியினின்று எடுத்த கல்லோ பாலமாகவும் தெருவாகவும் அத்திவாரமாகவும் ஊர் ஊராகச் சென்றுவிட்டது. மீளக் கொட்டி நிரப்புவதற்கு அங்கே ஏதுமில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமே கல் அகழ்வுக்கு அனுமதி வழங்குகின்றது. நிலத்தைச் சீர்ப்படுத்தல் அவ்வனுமதியோடு பிணைந்த கடமையாகும். ஆனால் அச்சட்டத்துக்கு முன்னரே வெட்டிக் கைவிடப்பட்ட குழிகளை எவர் சீர்ப்படுத்துவார்? இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,700 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அத்தகைய மழைநாட்டில் பாறைக்குழி வறண்டு கிடக்காது. அது நிரம்பும்; அதனைத் தேடிப் பிள்ளைகள் வருவர். தேங்கிய நீரில் நுளம்பும் பெருகும். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைப் பகுதியையே முதலிற் கடுமையாகத் தாக்கியது. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. அவ்வெற்றியைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின் கவனிப்பாரற்ற நீர்நிலைகளை மறந்துவிடல் ஆகாது.

புக்கித் தீமாவில் ஒரு நாள்

நிரப்ப இயலாத குழிக்கு வேறு கதி உண்டா என்னும் வினாவுக்குச் சிங்கப்பூரிலே ஒரு விடை கண்டேன். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் தளமொன்றில் தொழில் புரியும் என் பழைய மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னை அழைத்திருந்தான். மேலே கூறிய மாணவனோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவன் அவன். “சேர், உங்களுக்கு ஒரு இடம் காட்டணும்” என்று கூறி, ஞாயிற்றுக்கிழமை காலையொன்றில் என்னைப் புக்கித் தீமா மலைக்கு இட்டுச் சென்றான்.

புக்கித் தீமா ஏறத்தாழ 163 மீற்றர் உயரமானது. எம் மலைகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு அது குன்றே. ஆயினும் சிங்கப்பூரில் அதனிலும் உயர்ந்த நிலம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே அதன் சரிவுகளிற் கருங்கல் உடைக்கப்பட்டது. தீவின் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் அக்கல் பயன்பட்டது. மலையின் காடு 1883ஆம் ஆண்டில் ஒதுக்குக்காடாக வரையறுக்கப்பட்டது. காட்டைக் காக்கும் எண்ணமும் கல்லை எடுக்கும் தேவையும் ஒரே மலையில் நூறாண்டுகள் அருகருகே நின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் குவாரிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஓய்ந்த குவாரிகளைத் தேசியப் பூங்காக் கழகம் பொறுப்பேற்றுப் பொதுமக்கள் உலாவும் இயற்கைப் பூங்காக்களாக ஆக்கியது. ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்கா 2001ஆம் ஆண்டிலும், பழைய சிங்கப்பூர்க் குவாரியை உள்ளடக்கிய டெய்ரி பார்ம் இயற்கைப் பூங்கா 2009ஆம் ஆண்டிலும், சின் செங் குவாரி இருந்த ரைபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்கா 2022ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. பிந்திய இரண்டும் முறையே 63 எக்டயர், 66 எக்டயர் பரப்புடையன. இவற்றிற்கு முன்னரே, 1988ஆம் ஆண்டில், கைவிடப்பட்ட வேறொரு குவாரியில் புக்கித் பாத்தோக் இயற்கைப் பூங்கா அமைக்கப்பட்டிருந்தது.

மலையடிவாரத்திலிருந்து ஹிண்ட்ஹீட் குவாரிக்குச் செல்லும் பாதை முதியோரும் எளிதில் நடக்கத் தக்கது. வழியிற் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவின. அவற்றிற்கு உணவளித்தல் அங்குக் குற்றமாகும். பாதை முடியுமிடத்தில் மரத்தாலான மேடையொன்று உண்டு. அதில் நின்று நோக்கினால், எதிரே செங்குத்தான கருங்கற் சுவர். கீழே பச்சை நிறமான ஆழ்ந்த நீர். சுவரின் வெடிப்புகள்தோறும் வேரூன்றித் தொங்கும் மரங்கள். நீரின் அமைதியைப் பறவையொலி தவிர வேறெதுவும் குலைக்கவில்லை.

என் மாணவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “நம்ம தோட்டத்துக் குழியும் இதே மாதிரிதானே சேர் இருந்திச்சு?” என்றான். யான் மறுமொழி கூறவில்லை. அவன் கூறியது உண்மையே. அதே செங்குத்துப் பாறை, அதே பச்சை நீர், அதே மழை. வேறுபாடு யாதென அன்று முழுவதும் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

முதலாவது வேறுபாடு விளிம்பிலே இருந்தது. அங்கே பார்வைக்குத் தடையில்லை. நீருக்குள் இறங்கத் தடையுண்டு. மேடையும் கைப்பிடி வேலியும் மனிதனை நிறுத்துமிடத்தில் நிறுத்துகின்றன. டெய்ரி பார்ம் குவாரியின் பாறைச்சுவரிலே பயிற்சி பெற்றோர் கயிறு கட்டி ஏறுகின்றனர். சிங்கப்பூர்க் குவாரியின் நீர்நிலை, நீர்ச்செடிகளும் பறவைகளும் வாழும் ஈரநிலமாகப் பேணப்படுகின்றது. ஒவ்வொரு குழியின் தன்மைக்கும் ஏற்ற பயன் ஆராய்ந்து வகுக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது வேறுபாடு மரஞ்செடிகளிலே இருந்தது. வெட்டவெளியான வறள்மண்ணில் அங்கே முதலிற் பரவியிருந்த பன்னத்தைக் கண்டதும் வியப்புற்றேன். மலாய் மொழியில் ‘ரேசாம்’ என அவர்கள் கூறும் அது, நம் மாணிக்கக் குழிகளின் பக்கத்திற் செருகும் கெக்கில்லவே. பிற செடிகள் அஞ்சும் மலட்டு மண்ணிலும் அது படர்ந்து, மழை மண்ணை அரித்துச் செல்லாது காக்கின்றது. அதனையடுத்து மக்கராங்கா இனத்து மரங்கள் விரைந்து வளர்ந்து நிழல் தருகின்றன. நம் நாட்டிற் சிங்களத்தில் ‘கெந்த’ எனப்படும் மரமும் அவ்வினத்ததே. அந்நிழலிற் பின்னர், அயலிலுள்ள பழங்காட்டினின்று பறவைகளும் வௌவால்களும் கொணரும் விதைகள் முளைத்து நிலைபெறுகின்றன. முன்னோடிச் செடி, நிழல் மரம், பெருங்காட்டு மரம் என்னும் இவ்வரிசையைத் தாவரநூலார் ‘வழிமுறை வளர்ச்சி’ என விளக்குவர். அருகிலே பழங்காடு இருப்பின் இவ்வளர்ச்சி விரைவுறும். இல்லையேல் விதைக்கு நெடுங்காலம் காத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாதது. அந்நிலத்துக்கு ஓர் உடையவர் இருந்தார். வேலி முறிந்தால் யாரிடம் முறையிடுவது, பாதை சரிந்தால் யார் செப்பனிடுவது என்பது அங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். அறிவிப்புப் பலகைகள் அதனைக் கூறுகின்றன. எம் மாணவனை விழுங்கிய குழிக்கோ, அவன் இறந்த அன்று பொறுப்பேற்க ஒருவரும் இலர்; ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்டினர்.

புக்கித் தீமாவுக்கும் குழிகளுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது என்பதைப் பின்னர் அறிந்தேன். இயற்கைநூல் அறிஞர் அல்பிரட் ரசல் வொலஸ் 1854ஆம் ஆண்டில் அம்மலையிலே பூச்சிகளைத் திரட்டினார். மரம் வெட்டுவோர் சாய்த்த அடிமரங்களும் மரத்தூளும் வண்டுகளுக்கு உணவாகியமையால், இரண்டு மாத காலத்தில் ஏறத்தாழ 700 இன வண்டுகள் அவருக்குக் கிடைத்தன. புலியைப் பிடிப்பதற்காகத் தழையால் மூடி வைத்திருந்த ஆழ்குழிகள் அக்காட்டில் ஆங்காங்கே இருந்தனவென்றும், அவற்றுள் விழுந்துவிடும் அபாயம் தமக்கு நேர்ந்ததென்றும் அவர் 1869ஆம் ஆண்டில் வெளிவந்த தமது மலாய்த் தீவுக்கூட்ட நூலிற் குறித்துள்ளார். அவர் பெயராலேயே இன்று டெய்ரி பார்ம் பூங்காவில் ஒரு கல்வி நிலையம் இயங்குகின்றது. குழிக்கு அஞ்சி நடந்த காட்டிலே பாடசாலைப் பிள்ளைகள் இன்று அச்சமின்றி இயற்கை பயில்கின்றனர்.

அன்று அப்பூங்காவில் உலாவியோருள் நகரத்துக் குடும்பங்கள் இருந்தன. விடுமுறை நாளிற் காற்று வாங்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளரும் இருந்தனர். நுழைவுக் கட்டணம் எவரிடமும் கேட்கப்படவில்லை. பகல் முழுதும் இரும்பைத் தீய்த்து ஒட்டும் என் மாணவன், அந்நிழலிலே ஓர் இலட்சாதிபதிக்குச் சமமாக நடந்தான். பொது நிலம் என்பதன் பொருள் எனக்கு அன்றே முழுமையாக விளங்கிற்று.

வெறும் பாறையில் மண் பிறந்த வரலாறு

சிங்கப்பூரின் மழையும் அயற்காடும் எங்குமிருப்பன அல்ல; அவை இல்லாதவிடத்து யாது செய்யலாம் என ஒருவர் வினவலாம். அதற்கு ஆபிரிக்காவின் கீழ்க்கரையில், கென்யா நாட்டு மொம்பாசா நகருக்கு அருகே பம்பூரி என்னுமிடத்தில் விடையுண்டு. அங்கே சீமெந்துத் தொழிற்சாலையொன்று 1954ஆம் ஆண்டு முதல் பவளச் சுண்ணக்கல்லை அகழ்ந்தது. எஞ்சியது வெயிலிற் கொதிக்கும் வெண்பாறை மட்டுமே. மண் என்பதே அங்கிருக்கவில்லை. 1971ஆம் ஆண்டில் அதனைப் பசுமையாக்கும் பணி சுவிற்சர்லாந்து நாட்டு வேளாண் அறிஞர் ரெனே ஹலர் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இருபத்தாறு வகை மரங்களை நட்டுப் பார்த்தார். மூன்றே பிழைத்தன. அவற்றுள் ஒன்று தென்னை. மற்றொன்று நமக்கு நன்கு அறிமுகமான சவுக்கு.

வடமராட்சி மணற்காட்டிலே சவுக்கங்காட்டைக் கண்டோர்க்கு அம்மரத்தின் ஆற்றல் தெரிந்திருக்கும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்கு உணவாக்குகின்றன. உப்பையும் வறட்சியையும் அது பொறுக்கும். பம்பூரியில் மரம் வளர்ந்தது. ஆயினும் புதிய தடையொன்று தோன்றியது. உதிர்ந்த ஊசியிலைகள் உக்காது, மெத்தைபோலக் குவிந்து கிடந்தன. இலை உக்காவிடின் மண் உண்டாகாது. இவ்விலைகளைத் தின்னும் செங்கால் மரவட்டைகளை ஹலர் கண்டார். அவற்றை நூற்றுக்கணக்கிற் சேர்த்துத் தோப்பினுள் விட்டார். மரவட்டைகள் இலையைத் தின்று கழித்த எச்சம் நுண்ணுயிர்களுக்கு உணவாகி, படிப்படியாகக் கறுத்த மண்ணாயிற்று. அம்மண்ணிற் பிற மரங்கள் வேரூன்றின. மீன்குளங்களும் விலங்குகளும் பின்தொடர்ந்தன. இன்று அது ஹலர் பூங்கா எனப் பெயர்பெற்றுப் பொதுமக்கள் காணும் இடமாக உள்ளது. நம் வகுப்பறைகளில் மரவட்டையைக் கண்டால் மிதித்துத் தள்ளும் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைக் கூறுதல் தகும்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாளின் கடற்கோளை இலங்கையர் எவரும் மறத்தல் இயலாது. அதே அலை கென்யாவின் கரையிலே தாயைப் பிரிந்த நீர்யானைக் கன்றொன்றைத் தனித்து நிற்கச் செய்தது. அக்கன்றை மீட்டோர் அதனைக் கொண்டு சென்று விட்டது இப்பூங்காவிலேதான். அங்கிருந்த நூறாண்டு கடந்த பேராமையொன்றை அது தாயெனச் சார்ந்து வளர்ந்த செய்தி உலகெங்கும் பரவியது. ஒருகாலத்திற் புல்லும் முளையாத பாறைக்குழி, திக்கற்ற உயிரொன்றுக்குப் புகலிடமாயிற்று.

நமக்குரிய வழி

இவ்விரு வரலாறுகளையும் நம் மாகாணத்தோடு ஒப்பிட்டு நோக்கின் நம் நிலை இழிந்ததன்று. சிங்கப்பூரிற் பெய்வதிலும் கூடுதலான மழை இரத்தினபுரியிற் பெய்கின்றது. கெக்கில்லவும் கெந்தவும் அழையாமலே வருகின்றன. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட சிங்கராசக் காடும், 2010ஆம் ஆண்டில் அச்சிறப்பைப் பெற்ற மத்திய மலைநாட்டின் பகுதியாகிய சிவனொளிபாதமலைச் சாரற்காடும் விதைக் களஞ்சியங்களாக அயலில் நிற்கின்றன. நம்மிடம் இல்லாதன விளிம்புக்கு வேலியும் நிலத்துக்குப் பொறுப்பாளருமே.

முதலிற் செய்யவேண்டுவது ஆளைக் காத்தல். செங்குத்தான விளிம்பிற்குச் சற்று அப்பாலே வேலியிட்டு, நீரின் ஒரு பக்கத்தையாவது சரிவாகக் குறைத்து, வழிந்தோடும் நீருக்குக் கால்வாய் அமைத்தல் வேண்டும். பாறை பிளவுற்றுள்ளதா, மேற்சரிவில் மண் நகர்கின்றதா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தைக் கொண்டு ஆராய்வித்தல் இன்றியமையாதது. 2016ஆம் ஆண்டு வைகாசி 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடியதையும், அதே நாளிற் புலத்கொஹுபிட்டியவில் தோட்ட மக்களின் குடியிருப்புப் புதையுண்டதையும் நாம் மறந்துவிடவில்லை. ஆராயாது மக்களைச் சரிவுக்கு அழைத்தல் நன்மை அன்று.

இரண்டாவதாகச் செய்யவேண்டுவது மண்ணைக் காத்தல். புதிதாக அகழ்வோர் மேல்மண்ணை வேறாகக் குவித்துப் பேணி, இறுதியில் அதனையே மேலே பரப்புதல் வேண்டும். பழைய குழிகளிற் கெக்கில்லவை அழியாது விட்டு, கெந்தவின் நிழல் வந்தபின், நீரோரத்தில் மருதும் மேட்டில் நாகமரமும் போன்ற நாட்டு மரங்களை நடலாம். விரைந்து வளர்கின்றன என்பதற்காக அயல்நாட்டு மரத்தை மட்டும் நட்டு நிறுத்திவிட்டால், பச்சை நிறம் கிடைக்கும், காடு கிடைக்காது. பம்பூரியிற் சவுக்கு தொடக்கமாக அமைந்ததேயன்றி முடிவாக அமையவில்லை.

மூன்றாவதாக வேண்டுவது நிலத்துக்கு ஓர் உடையவர். இவ்விடத்திலேதான் தோட்ட மக்களின் பழைய இடர் குறுக்கிடுகின்றது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டு முதல் அவற்றுட் பல கம்பனிகளின் முகாமைக்கு விடப்பட்டன. நிலம் அரசினது; முகாமை கம்பனியினது; வாழ்வோர் தொழிலாளர். இம்மூவருள் கைவிடப்பட்ட குழி எவருடையது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ்ப் பொதுப் பூங்காக்களை அமைத்துப் பேணல் பிரதேச சபைக்குரிய பணியே. ஆயின், தோட்ட எல்லைக்குள் பணம் செலவிடுவதற்கு அச்சட்டம் தடையாக இருந்தமையால், வாக்களித்த தோட்ட மக்கள் தெருவிளக்குக்கும் ஏங்கினர். 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு அத்தடை அகன்றது. தோட்டத்தின் நடுவிலுள்ள குவாரியைப் பொதுப் பூங்காவாக்கச் சட்டம் இன்று குறுக்கே நிற்கவில்லை. கேட்போர் வேண்டும், கேட்டதை எழுத்திற் கேட்க அறிந்தோர் வேண்டும். கற்ற இளைஞரின் கடமை அவ்விடத்திலே தொடங்குகின்றது.

ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். பின்னர் பூங்காவாக்கலாம் என்னும் எண்ணம் இன்று மலையை வெட்டுவதற்குச் சாட்டாகிவிடல் ஆகாது. ஆறிய புண்ணினும் புண்படாத உடல் மேலானது. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியிலே பழந்தமிழ்க் கல்வெட்டும் பாண்டியர்காலக் குடைவரைக் கோயிலும் உடைய குன்றுகளைக் கல் அகழ்வினின்று காக்க ஊர்மக்களே முன்னின்றனர். 2022ஆம் ஆண்டில் அவ்விடம் அம்மாநிலத்தின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. எம் மாகாணத்திலும் குகையும் சுனையும் பழங்காடும் உள்ள குன்றுகளை அகழாது விடலே அறம். அகழ்ந்துவிட்டவற்றை ஆற்றுதல் அதற்கு அடுத்த அறம்.

பாடசாலைகள் இதிற் செய்யத்தக்கது சிறிதன்று. அருகிலுள்ள குழியொன்றில் எந்தச் செடி முதலில் வந்தது, எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது, மழைக்குப் பின் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பவற்றை ஆண்டுதோறும் குறித்து வைத்தால், பத்தாண்டுகளில் அது மதிப்புள்ள ஆவணமாகும். பாதுகாப்பான எல்லைக்கு வெளியே நின்று ஆசிரியர் முன்னிலையிலே செய்யத்தக்க பணி அது. விஞ்ஞான பாடத்திற் சூழற்றொகுதி என மனனம் செய்வதை மாணாக்கர் தம் கண்ணாற் காண்பர். சிங்களப் பாடசாலை மாணவரும் தமிழ்ப் பாடசாலை மாணவரும் ஒரே குழியை ஆராயின், ஒரே நிலத்தின் பிள்ளைகள் தாம் என்பதையும் உணர்வர்.

அகழ்வு எப்பொழுது முடிகின்றது? கடைசிக் கல்லை ஏற்றிய வண்டி புறப்பட்டபோது முடிகின்றது என வணிகன் கூறுவான். குழியை மூடிப் பிணைத்தொகையைப் பெற்றபோது முடிகின்றது எனச் சட்டம் கூறும். அந்நிலத்தில் ஒரு பிள்ளை அச்சமின்றி உலாவி வீடு திரும்பும் நாளிலேயே அது முடிகின்றது என்பது என் துணிபு.

எம் பாடசாலைக்கு அணித்தாயுள்ள அக்குழி இன்றும் உள்ளது. பெற்றோர் சிலர் சேர்ந்து அதன் ஒரு பக்கத்திற்கு முட்கம்பி இட்டுள்ளனர். சிங்கப்பூரிலுள்ள மாணவன் கம்பிக்கு ஒரு பகுதிப் பணம் அனுப்பினான். கிழக்கு விளிம்பிற் கெக்கில்ல படர்ந்துவிட்டது. கெந்தக் கன்றுகள் சில தலைதூக்கியுள்ளன. எஞ்சிய மூன்று பக்கங்களுக்கும் வேலியும், நிலத்துக்கு ஒரு பொறுப்பாளரும் வேண்டிப் பிரதேச சபைக்கு விண்ணப்பமொன்று எழுதியுள்ளோம். அதில் உயர்தர வகுப்பு மாணவர் அனைவரும் கையொப்பமிட்டனர்.